ரெண்டரில் அழகாக வருகிறது, எப்படிக் கட்டுவது? ஒரு பி.ஆர்க் மாணவருக்குப் பதில்

மதுரையில் மூன்றாம் ஆண்டு பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டப்படிப்பு) படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். முதலாம் ஆண்டில் பேருந்து நிழற்குடை, இரண்டாம் ஆண்டில் தொடக்கப்பள்ளி, இப்போது சின்னாளப்பட்டியில் ஒரு நெசவாளர் மையம் என்று இதுவரை செய்த டிசைன் ப்ராஜெக்ட் மூன்றுமே லூமியன் மென்பொருளில் போட்ட ரெண்டரில், அதாவது நிஜம்போலத் தெரியும் கணினிப் படத்தில், பார்க்க நன்றாக இருக்கின்றன. ஆனால் ஜூரியில் (டிசைனை மதிப்பிடும் அமர்வில்) "இந்தச் சுவரை யார் கட்டுவார், எப்படிக் கட்டுவார்" என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. கைவினைத்திறன் என்று எல்லோரும் சொல்வது மாடலைப் பிசிறில்லாமல் வெட்டி ஒட்டுவதையா, இல்லை ஆத்தங்குடி ஓடு, சுண்ணாம்புப் பூச்சு என்று பழைய வேலைகளை டிசைனில் சேர்ப்பதையா, போர்ட்ஃபோலியோவில் அதை எப்படிக் காட்டுவது என்பது அவருடைய கேள்வி.

இரண்டையும் நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டுமே அது இல்லை. இருபது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்து எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: கட்டடத்தில் கைத்திறன் தெரிவதும் கெடுவதும் இரண்டு பொருள்கள் வந்து சேரும் இடத்தில். சுவரும் தரையும், தூணும் மண்ணும், நிலையும் செங்கலும், ஜன்னல்மேல் நீட்டிய சன்ஷேடும் மழைத்தண்ணீரும். அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று உங்கள் கைக்குத் தெரிந்திருந்தால் ஜூரிக்குப் பதில் தானாக வரும். அதனால் ஒவ்வொரு செமஸ்டரிலும் உங்கள் டிசைனிலிருந்து ஒரே ஒரு சந்திப்பை எடுத்து, அதை முழு அளவில், நிஜப் பொருளில், உங்கள் கையால் செய்து பாருங்கள். பத்து வேண்டாம், ஒன்று போதும். செய்து முடித்ததும் திரும்பிப் போய் டிசைனை மாற்றுங்கள். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள், செய்து பார்த்தது தனியாகவும் டிசைன் தனியாகவும் நின்றுவிடுகிறது.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு தப்பிலிருந்து. படித்து முடித்த புதிதில், பூசாத செங்கல் சுவர் வைத்த ஒரு வீட்டுக்கு வரைபடம் போட்டேன். இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே வரும் சுவர்த்துண்டு சரியாக 2 அடி. கணினியில் அது அழகான முழு எண். தளத்துக்குப் போனால் மேஸ்திரி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "சார், இது கல்லுக்கு அடங்காது" என்றார். எனக்குப் புரியவில்லை. கலவை எதுவும் இல்லாமல் தரையில் செங்கல்லை அடுக்கிக் காட்டினார். எங்களுக்கு வந்திருந்த கல் 9 அங்குல நீளம், நாலேகால் அங்குல அகலம். நடுவே அரை அங்குலம் கலவை விட்டு இரண்டு முழுக்கல்லும் ஒரு அரைக்கல்லும் வைத்தால் 23¼ அங்குலம் வருகிறது, நான் கேட்டது 24. மிச்சமுள்ள முக்கால் அங்குலத்தை எங்கே வைப்பது? இணைப்புகளில்தான் வைக்க முடியும். ஏற்கனவே எழும்பியிருந்த ஒரு துண்டில் அப்படித்தான் செய்திருந்தார், அரை அங்குல இணைப்புகள் ஒரு அங்குலத்தைத் தொட்டு வீங்கி நின்றன. பூச்சு வேலை வருகிற சுவராக இருந்தால் யாருக்கும் தெரியாது, பூசாத சுவரில் அது கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். மீதி எல்லாத் துண்டுகளையும் 23¼ என்று மாற்றினோம், அதற்கு ஏற்ப ஜன்னல் அகலமும் மாறியது, அந்த வீட்டின் முகப்பே மாறியது என்று சொல்லலாம். மாறியது நல்லதற்குத்தான். அன்றைக்கு அப்புறம் செங்கல் சுவர் வரையும்போது முதலில் அந்த ஊர்ச் சூளைக் கல்லை நாலு எடுத்து அளந்துவிட்டுத்தான் கோடு போடுகிறேன், ஏனென்றால் புத்தகத்தில் இருக்கிற அளவு வேறு, சூளைக்குச் சூளை வருகிற அளவு வேறு.

இதை வைத்து உங்கள் மூன்று ப்ராஜெக்ட்டையும் பார்க்கலாம்.

நிழற்குடையில் நான் கேட்கிற ஒரே கேள்வி, அந்த இரும்புக் குழாய்த் தூண் தரையைத் தொடுகிற இடத்தில் மழைக்காலத்தில் என்ன ஆகும்? உங்கள் ரெண்டரில் தூண் நேராக நடைபாதைக் கல்லுக்குள் போய் மறைகிறது, பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கிறது. தண்ணீர் தேங்குகிற இடமும் அதுதான், துரு பிடிக்க ஆரம்பிக்கிற இடமும் அதுதான். நம் ஊர் பழைய வீட்டுத் திண்ணையைப் பாருங்கள், மரத்தூண் ஒருபோதும் தரையில் நேராக நிற்காது, கீழே ஒரு கல் பீடம் இருக்கும். ஈரமும் கரையானும் மரத்தில் ஏறாமல் இருக்க அப்படி வைத்தார்கள், அந்தப் பீடத்தை வடிவாகச் செதுக்கியது அதற்குப் பிறகு வந்தது. உங்கள் இரும்புத் தூணுக்கும் தரைக்கு மேலே 6 அங்குலம் கான்கிரீட் பீடம் கொடுத்து, அதன் தலையில் வெளிப்பக்கமாக வாட்டம் கொடுத்துப் பாருங்கள். அந்தப் பீடத்தையே கொஞ்சம் நீட்டினால் உட்கார இடம் கிடைக்கிறது. நீங்கள் தனியாக வரைந்த பெஞ்சு தேவையே இல்லாமல் போகலாம்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஜன்னலின் அடி மட்டம் 3 அடி என்று வைத்திருக்கிறீர்கள், தரையில் உட்கார்ந்து படிக்கிற ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அதில் வெளியே தரையில் நடப்பது எதுவும் தெரியாது. ஒரு குழந்தையைத் தரையில் உட்காரவைத்து, அட்டையில் ஒரு ஜன்னல் வெட்டிப் பிடித்துப் பாருங்கள், வேலை அரை மணி நேரம். சன்ஷேடின் அடிப்பக்க விளிம்பில் ஒரு சின்னப் பள்ளக்கோடு விடவும் மறக்காதீர்கள். அது இல்லையென்றால் மழைத்தண்ணீர் விளிம்போடு கீழே சொட்டாமல், அடிப்பக்கமாக ஒட்டிக்கொண்டே ஓடிச் சுவரில் இறங்கும், இரண்டே வருடத்தில் சுவரில் கறுப்புக் கறை வரும்.

நெசவாளர் மையம்தான் உங்கள் மூன்றில் சத்துள்ள ப்ராஜெக்ட், அதில் கொஞ்சம் உட்காரலாம். நீங்கள் குழித்தறி வைத்து வரைந்திருக்கிறீர்கள். குழித்தறியில் நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மிதிக்கிறார். அப்படியானால் இந்தக் கட்டடத்தில் மனித உடம்பு மிக அதிக நேரம் தொட்டுக்கொண்டிருக்கிற இடம் எது? குழியின் விளிம்பு. காலையிலிருந்து மாலை வரை தொடையின் அடிப்பக்கம் அதில் அழுந்துகிறது. உங்கள் வரைபடத்தில் அது ஒரு கோடு மட்டும்தான். அது பாலிஷ் போட்ட கிரானைட்டா, சிமெண்டா, மரமா, முனை கூராக இருக்கிறதா மழுங்கியிருக்கிறதா, குழி எவ்வளவு ஆழம், இதெல்லாம் தெரியாமல் மேலே கூரை எவ்வளவு அழகாக வளைந்தாலும் அது நெசவாளருக்கான கட்டடம் ஆகாது. நீங்கள் முழு அளவில் செய்ய வேண்டிய சந்திப்பு இதுதான் என்று நான் நினைக்கிறேன். பழைய பலகை, செங்கல், சாக்கு, எது கிடைக்கிறதோ அதில் ஒரு குழி விளிம்பு செய்யுங்கள், ஒரு நெசவாளரை உட்காரச் சொல்லுங்கள், அவர் எங்கே கை வைத்து எழுந்திருக்கிறார் என்று பாருங்கள், உயரத்தை மாற்றுங்கள், திரும்ப உட்காரச் சொல்லுங்கள்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போது வேறு விஷயங்களும் தானாகத் தெரியவரும். வெளிச்சம் பக்கத்திலிருந்து துணிமேல் விழ வேண்டும், நெய்கிறவரின் கை நிழலே நூலை மறைக்கக் கூடாது. காற்று ரொம்ப உலர்ந்தால் பருத்தி நூல் அறும், அதனால் நீங்கள் நான்கு பக்கமும் திறந்து வைத்த, துளைகள் விட்டுக் கட்டும் அந்த ஜாலிச் சுவர் கோடையில் வேலையைக் கெடுக்கலாம். பூ வேலைப்பாட்டுக்கு ஜக்கார்டு பெட்டி வைத்தால் தறிக்கு மேலே உயரம் வேண்டும், உங்கள் மெஸ்ஸனைன் (இடைத்தளம்) அங்கே இடிக்கும். அப்புறம் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். பல சேலைகளுக்கான நூலை ஒரே நீளமாக விரித்துக் கஞ்சி போட நேர்கோட்டில் நீண்ட இடம் வேண்டும், நெசவாளர் தெருக்கள் நேராகவும் நீளமாகவும் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம், சேலம் பக்கம் அந்த இடத்துக்குப் பாவடி என்றே பெயர். நீங்கள் நடுவில் வட்டமாக ஒரு முற்றம் வைத்து 'சமூக வெளி' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சமூகத்துக்கு ஏற்கனவே ஒரு வெளி இருக்கிறது, அது நீளமானது, காலை நேரத்துக்கானது, ஓரத்தில் மர நிழல் கேட்பது. வட்டத்தை விட்டுவிட்டு அதை வரையுங்கள். பாருங்கள், ஒரு குழியின் விளிம்பில் ஆரம்பித்து மொத்த தளவரைபடத்துக்கு வந்துவிட்டோம். முழு அளவில் செய்து பார்ப்பதால் கிடைக்கிற லாபம் இதுதான்.

சுவருக்கு ராட் டிராப் (எலிப்பொறி) பாண்ட் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்ல தேர்வு. 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய முறை. கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, இரண்டு வரிசைக்கு நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது. கிட்டத்தட்ட கால்வாசி செங்கல் மிச்சம், கலவையும் குறையும், நடுவில் இருக்கிற காற்று வெயிலை உள்ளே சீக்கிரம் விடாது. ஆனால் ஜூரி கேட்கப் போவது அதை அல்ல. கல்லை நிறுத்தி வைத்தால் அதன் படுக்கை முகம் வெளியே தெரியும், சூளை முத்திரைக் குழி இருக்கிற பக்கத்தை உள்ளே திருப்ப வேண்டும், மறுபக்கம் வளைந்தோ கருகியோ இருந்தால் அதுதான் உங்கள் முகப்பு. அடி வரிசை, ஜன்னல் அடி, லிண்டல் (ஜன்னல் தலைமேல் வரும் விட்டம்) மட்டம் ஆகிய இடங்களில் வெற்றிடம் விடாமல் திண்டாகக் கட்ட வேண்டும். மின்குழாய் எங்கே இறங்குகிறது என்பதைக் கட்டுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும், பின்னால் சுவரை வெட்டினால் கல் உடையும். இதெல்லாம் படித்தால் மறந்துவிடும். கொஞ்சம் கல்லை வாங்கி, இடுப்பு உயரத்துக்கு ஒரு மூலையை மட்டும் கட்டிப் பாருங்கள். நேர்ச்சுவர் யாருக்கும் வரும். மூலையில்தான் கல் எப்படித் திரும்புகிறது, எங்கே முக்கால் கல் வேண்டும், வெற்றிடத்தை எங்கே அடைக்க வேண்டும் என்பது தெரியும்.

கட்டும்போது ஒரு கொத்தனார் கூட இருக்கட்டும். அவருக்கு ஒரு முழு நாள் கூலி கொடுத்துவிடுங்கள், இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன். மாணவர்கள் நல்ல எண்ணத்தில்தான் போய்க் கேட்கிறார்கள், ஆனால் அவருடைய அரை நாள் வேலை அதில் போகிறது. நாலு பேர் சேர்ந்து செய்தால் ஆளுக்குப் பெரிய தொகை ஆகாது. அவர் தூக்குக்குண்டைப் பிடிக்கிற விதம், ரசமட்டத்தைத் திருப்பி வைத்து இரண்டாவது முறை சரிபார்க்கிற பழக்கம், கலவையைக் கரண்டியில் எடுத்ததுமே "தண்ணி அதிகம்" என்று சொல்வது, இதையெல்லாம் பாருங்கள். பாகு காய்ச்சுகிறவருக்குப் பதம் தெரிகிற மாதிரி கலவைக்கும் ஒரு பதம் உண்டு, அது கைக்குத்தான் தெரியும். அந்தப் பதம் சித்தாளாக வேலை செய்கிற பெண்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதையும் பார்த்திருக்கிறேன், வருடக் கணக்கில் கலவை போடுகிறவர்கள் அவர்கள்தான். ஆனாலும் நான் போன தளங்களில் கரண்டி அவர்கள் கைக்கு வந்தது மிக அபூர்வம். உங்கள் மாதிரிச் சுவரிலாவது அவர்களிடமும் கேளுங்கள்.

ஆத்தங்குடி ஓட்டைப் பற்றிக் கேட்டதால் இதையும் சொல்கிறேன். தரையில் பதிக்க அழகான ஓடு என்று மட்டும் அதைப் பார்க்காதீர்கள், காரைக்குடிப் பக்கம் போய் அது உருவாவதைப் பாருங்கள். ஒரு கண்ணாடித் தகடு, மேலே சட்டம், உள்ளே பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள், அச்சைத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றோடொன்று லேசாக உரசி நிற்கும், அதன் மேல் உலர்ந்த சிமெண்ட்-மணல் தூவி, பின்னால் கலவை நிரப்பி மட்டம் செய்து, பிறகு தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறவைக்கிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை. கடைசியில் கண்ணாடி பிரிந்ததும் பளபளப்பு தெரிகிறது. அது யாரும் பின்னால் போட்ட பாலிஷ் கிடையாது, கண்ணாடியின் வழவழப்பு சிமெண்டில் பதிந்தது. ஓட்டின் முகம் கீழே இருக்க, முதுகுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வேலை நடக்கிறது. இது தெரிந்தவருக்கு அந்த ஓட்டை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதும் தெரியும். சும்மா 'பாரம்பரியம்' என்று மெட்டீரியல் பலகையில் ஒரு துண்டு ஒட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கைத்திறன் என்றாலே மண், சுண்ணாம்பு, மரம் என்று ஒரு பேச்சு இருக்கிறது, கான்கிரீட் என்றால் ஏதோ இயந்திர வேலை என்கிற மாதிரி. கான்கிரீட்டுக்கு வடிவம் கொடுப்பது சென்ட்ரிங், அதாவது அதை ஊற்றுகிற பலகை அச்சு, அடிக்கிற ஆள். பலகை இணைப்பில் இடைவெளி இருந்தால் சிமெண்ட் பால் ஒழுகி அந்த இடம் தேன்கூடு மாதிரி ஓட்டை விழும். கம்பிக்கு அடியில் அதைத் தூக்கிப் பிடிக்கிற சின்னக் கட்டையான கவர் பிளாக் வைக்காமல் விட்டால் ஸ்லாபில் இருக்க வேண்டிய 20 மில்லிமீட்டர் காப்பு இருக்காது, சில வருடங்களில் கம்பி துருவேறிக் கான்கிரீட் உதிரும். நீங்கள் மதுரையில் இருப்பதால் புதுச்சேரி ஒரு நாள் பயணம்தான், அங்கே அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு வாருங்கள். அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தது, 1930-களின் பிற்பகுதியில் வேலை தொடங்கியது, முழுக்க வலுவூட்டிய கான்கிரீட். தெற்கு வடக்கு முகப்புகள் முழுவதும் திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகள், காற்றையும் வெயிலையும் அறையில் இருப்பவர் கையாலேயே கட்டுப்படுத்தலாம். கட்டுமான வேலையில் பெரும்பகுதியை ஆசிரமவாசிகளே செய்தார்கள், பலருக்கு முன் அனுபவம் இல்லை. ஆனாலும் அந்தக் கான்கிரீட்டின் நேர்த்தியை இன்றைக்கும் பல பெரிய நிறுவனக் கட்டடங்களில் நான் பார்த்ததில்லை.

அங்கே தளத்தில் இருந்து வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் நகாஷிமா. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் கட்டடக்கலை படித்தவர். இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் என்பதற்காக அவரையும் குடும்பத்தையும் ஐடஹோவில் மினிடோகா முகாமில் அடைத்தார்கள், அங்கே இருந்த ஒரு ஜப்பானியத் தச்சரிடம் அவர் மரவேலையைக் கற்றுக்கொண்டார். பிறகு பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற ஊரில் பட்டறை வைத்து, இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான மரவேலைக்காரர்களில் ஒருவரானார். பட்டம் வாங்கின ஆர்க்கிடெக்ட் தச்சரிடம் மாணவராக உட்கார்ந்தார் என்பதை நான் என் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வரும் எல்லோரிடமும் சொல்வதுண்டு. நம் ஊரில் படித்தவர் கரண்டி பிடிக்கக் கூடாது, இழைப்புளி பிடிக்கக் கூடாது என்று வீட்டிலேயே சொல்லி வளர்க்கிறார்கள். அந்தத் தயக்கம் உங்களிடம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள், பின்னால் விடுவது கஷ்டம்.

மாடல் விஷயம். சுத்தமாகச் செய்வது நல்ல பழக்கம்தான், லேசர் கட்டிங் கொடுத்தாலும் தப்பில்லை. ஆனால் சன்போர்டு என்கிற நுரைப் பலகையில் எல்லாச் சுவரும் ஒரே தடிமன், எல்லா மூலையும் ஃபெவிகாலில் ஒட்டிக்கொள்ளும், அதனால் மாடலில் எந்தச் சந்திப்பும் உங்களிடம் கேள்வி கேட்காது. 1:100-இல் முழுக் கட்டடத்துக்கு ஒரு மாடல், அதோடு 1:5-இல் அந்த ஒரு சந்திப்புக்கு ஒரு மாடல் என்று பிரித்துச் செய்யுங்கள். நேரம் போதவில்லை என்றால் முதலாவதில் குறையுங்கள்.

போர்ட்ஃபோலியோவில் இந்தச் செய்முறைக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். முதலில் வரைந்த விவரப்படம், கட்டியபோது எங்கே தவறியது என்பதன் புகைப்படம் (அளவு தெரிய ஒரு கையோ டேப்போ படத்தில் இருக்கட்டும்), அதற்குப் பிறகு மாற்றிய வரைபடம், இந்த மூன்றும் அடுத்தடுத்து வந்தால் போதும். தவறிய படத்தை ஒளிக்காதீர்கள், வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் முதலில் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான், பளபளப்பான ரெண்டர் எல்லோரிடமும் இருக்கிறது. உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கொத்தனார், தச்சர், நெசவாளர் சம்மதித்தால் அவர்கள் பெயரையும் பக்கத்திலேயே போடுங்கள், வழிகாட்டிய பேராசிரியர் பெயர் போடுகிற அதே எழுத்தளவில்.

அடுத்து வரும் பயிற்சி செமஸ்டருக்கு அலுவலகம் தேடும்போது பெயரைப் பார்த்துப் போகாதீர்கள். வாரத்தில் எத்தனை நாள் தளத்துக்கு அனுப்புவீர்கள் என்று நேர்காணலிலேயே கேளுங்கள். ஆறு மாதமும் கழிவறை ஓடு வரைபடம் மட்டும் போட்டுவிட்டுத் திரும்பிய மாணவர்களைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும். அனுப்ப மாட்டோம் என்று சொன்னால் சின்ன அலுவலகமாகப் பாருங்கள், அங்கே உங்களைத் தளத்துக்கு அனுப்ப வேண்டிய கட்டாயம் அவர்களுக்கே இருக்கும்.

மாதிரி மூலையைக் கல்லூரியில் கூரைக்கு அடியில் கட்டாதீர்கள், திறந்தவெளியில், மழை படுகிற இடத்தில், புரட்டாசிக்குள் கட்டி முடித்துவிடுங்கள். ஐப்பசி மழை நின்றதும் போய்ப் பாருங்கள், எந்த இணைப்பில் பாசி பிடித்திருக்கிறது, எந்தக் கல் தண்ணீர் குடித்துக் கறுத்திருக்கிறது என்று குறித்து வையுங்கள். இறுதி ஜூரிக்கு அந்தக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள்.